நாலாயிரத்து இருநூறு கிலோ

பங்குனி மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, எலந்தக்கரட்டில் இருந்த எங்கள் எல்லார் மேலும் எடை ஏறியது. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஏழு கிலோ, நடக்கப் பழகிய பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ, பால்குடிக்கு ஒன்றுமில்லை. அந்த மட்டுக்கு அதற்கு இரக்கம் இருந்தது. வயிறு பெருக்கவில்லை, சட்டை இறுகவில்லை, ஆனால் காலைத் தூக்கி வைத்தால் கால் வேறு யாருடையதோ போல இருந்தது. அதே ஏழு பத்துக்குத்தான் ஊருக்கு வடக்கே மேய்ச்சல் புறம்போக்காக இருந்த இடத்தில் போட்ட ஓடுபாதையிலிருந்து போர்வெல் முதலாளி ரிக்கு அர்த்தனாரியின் சொந்த விமானம் முதன்முதலாக மேலே கிளம்பியது. நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம், கையும் தட்டினோம், இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் மாரியம்மன் சப்பரம் வீதியில் இருந்தது. அதைத் தோளில் சுமந்த பதினாறு பேரில் நானும் ஒருவன், முன்கொம்பு பிடித்தவன், பெயர் மாரப்பன். எங்கள் பக்கத்தில் சப்பரம் திடீரென்று கனத்தால் அம்மன் நகர மாட்டேன் என்கிறாள் என்று அர்த்தம், எந்த வீட்டு வாசலில் கனத்ததோ அந்த வீட்டில் குற்றம் என்று அர்த்தம். இதைச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சப்பரம் கனத்த இடம் பரிமளா வீட்டு வாசல். "அம்மன் கனத்துட்டாடோய்!" என்று முதலில் கத்தியது நான்தான். வேறு யாரோ கத்தினார்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் கத்தியது நான்தான்.

பரிமளா ஜவ்வரிசி ஆலை வாசலில் இருக்கும் எடைமேடையில் வேலை பார்ப்பவள். மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பாள். புருசன் ரிக்கு வண்டியோடு ராய்ப்பூர் போனவன் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான், இவள் தாலியைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நாள் முழுக்க லாரிக்காரர்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள், குரல் உசத்திப் பேசுகிறவள், தனியாக இருப்பவள். குற்றம் வந்து உட்கார இதைவிடத் தோதான வீடு எங்கள் ஊரில் வேறு எது?

பூசாரி ராக்கியப்பன் வேப்பிலையோடு முன்னால் வந்தார். "ஏனம்மிணி, என்ன குத்தம் பண்ணுன? ஒளிக்காமச் சொல்லிப்போடு, ஆத்தா மன்னிச்சுருவா."

"நானு ஒண்ணும் பண்ணுலீங்க. ஆலைக்கு நேரமாச்சு, வாசல்ல வெளக்கு வெச்சுட்டுக் கெளம்பலாம்னு நிக்கறனுங்க."

"ஒண்ணும் பண்ணாமயா ஆத்தா இப்பிடிக் கனக்கறா?"

ஊர்த்தலைவர் நடேசன் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பரிமளா வீட்டு மாவிளக்கைக் கோயிலில் ஏற்றக் கூடாது, அவள் வீட்டில் ஊரார் கை நனைக்கக் கூடாது, கனம் இறங்காவிட்டால் ஆடி ஒன்றாம் தேதி அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அவள் அப்பன் கல் சுமந்து கட்டின வீடு அது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சப்பரத்துக் கொம்பைப் பார்த்துக்கொண்டேன்.

அர்த்தனாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறு போர்வெல் வண்டி வைத்திருப்பவர். ஆயிரம் அடி ஆழத்தில் துளை போட்டுத் துளை போட்டே ஆகாயத்துக்கு ஏறியவர். ராய்ப்பூரில் இருபது வண்டி, ராய்ச்சூரில் முப்பது, ஜோத்பூர் பக்கம் இன்னும் என்னவோ. முன்னெல்லாம் ரயிலில் போய் வருவார், பிறகு காரில், பிறகு கோயம்புத்தூர் போய் எல்லாரும் போகிற விமானத்தில். அதில் வரிசையில் நிற்க வைக்கிறார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று கோபம் வந்து சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டார். காலை ஏழு பத்துக்குக் கிளம்பி, வண்டிகளைப் பார்த்து, ஆட்களைத் திட்டி, மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம் திரும்பிவிடுவார், ஏனென்றால் ஊர் எல்லைக்கு வெளியே கட்டின பங்களாவில் அவர் சம்சாரம் வைக்கிற ரசம் தவிர வேறு ரசம் அவருக்கு இறங்காது. வாரத்தில் நாலு நாள். அந்த ரசத்துக்காக வாரத்தில் நாலு நாள் நாங்கள் ஏழு ஏழு கிலோ சுமந்தோம்.

சுமந்தோம் என்றால் முனகிக்கொண்டு சுமந்தோம் என்று நினைக்காதீர்கள், ரொம்பச் சீக்கிரம் பழகிக்கொண்டோம். கனம் ஏறுகிற நாளில் கிணற்றில் இறங்காமல் இருக்கப் பழகினோம், கயிற்றுக் கட்டிலுக்கு இரட்டைக் கயிறு போட்டோம், கனம் இறங்கிய பிறகு பெண் பார்க்கப் போனோம், தூளிக் கம்பை மாற்றினோம், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளினோம், முட்டி வலிக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டு ஆத்தா இருக்கிறாள் என்று சொன்னோம். டவுனுக்குப் போகிற பஸ் எல்லைக்கல்லைத் தாண்டியதும் உடம்பு பொசுக்கென்று லேசாகும், உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் அது அம்மன் எல்லை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பால்வாடியில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. புதன்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பார்கள். புதன்கிழமை அர்த்தனாரி ராய்ச்சூர் போகிற நாள். நெஞ்சுக்கூடு தெரிகிற பிள்ளைகூடத் தராசில் இரண்டு கிலோ கூடுதலாக நின்றது. எடை குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஊர் என்று மேலிடத்திலிருந்து எங்களுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது, சத்துமாவு நின்றுபோனது. கோகிலா என்பவள் தன் மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், "கண்ணால பாருங்க டீச்சர், இந்தக் கையப் பாருங்க" என்று அழுதாள். டீச்சர் பாவம், தராசு சொல்வதைத்தானே எழுத முடியும்.

எல்லாவற்றுக்கும் பழி பரிமளா தலையில் விழுந்தது. கோகிலாவே அவள் வாசலில் நின்று மண்ணை வாரி வீசினாள்.

பரிமளா கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். லாரி மேடை மேல் ஏறியதும் டிரைவர் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது எடைமேடையின் சட்டம். இறங்காவிட்டால் ஆள் எடையும் கிழங்கோடு சேர்ந்துவிடும். ஒருநாள் கால் சுளுக்கிய டிரைவர் ஒருவர், "இறங்க முடியலம்மா, அறுவது கிலோ கழிச்சுக்க" என்றார். கழித்தாள். தோட்டத்தில் போட்ட எடையோடு கணக்கு உதைத்தது. ஆலைக்காரர்கள் இருவர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள், மறுபடி போட்டாள். அறுபது குறைய வேண்டிய இடத்தில் அறுபத்தேழு குறைந்தது. வேறு யாராவது இருந்தால் மேடை ரிப்பேர் என்று ஆள் அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு மேடையைத் தெரியும், அது பொய் சொல்லாது என்று தெரியும், அவளைப் பற்றி இந்த ஊரில் பொய் சொல்லாத ஒரே சாமான் அதுதான். மறுநாளிலிருந்து காலி மேடையில் தானே ஏறி நின்று சீட்டு எடுத்தாள். சீட்டில் நேரமும் அச்சாகும். மூன்று வாரம் கழித்துச் சீட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, விமானம் இங்கே எழும்பியதிலிருந்து திரும்பி வந்து இறங்கும் வரை, போன ஊரில் தரையில் நிற்கிற நேரம்கூட, அவள் ஐம்பத்தொன்பது, இங்கே இறங்கிய பிறகு ஐம்பத்திரண்டு.

விமானம் ஓட்டுகிற பைலட் ஆலைக்கு எதிரில் டீ குடிக்க வருவார். அவரிடமே போய்க் கேட்டாள்.

"சார், உங்க வண்டி என்ன எடைங்க?"

"ஆளு, எண்ணெய் எல்லாம் சேத்து நாலாயிரத்து இருநூறு கிலோம்மா. ஏன்?" என்றவர், அவராகவே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு, மேல போயிட்டா அதுக்கு எடையே இல்ல. இருவது வருசமா ஓட்டறேன், இப்பிடி ஒரு வண்டிய நான் பாத்ததில்ல. எண்ணெய் பாதிதான் குடிக்குது. முதலாளி முதல் நாளே கவனிச்சுட்டாரு, இப்பல்லாம் பாதி டாங்க்தான் ரொப்பறோம்."

"எதனாலன்னு அவரு கேக்குலீங்களா?"

"நான்தான் கேட்டேன். ஓடற வண்டியக் கேள்வி கேக்காதப்பான்னுட்டாரு."

பரிமளா சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். பெரியவர்கள் ஐந்நூற்று அறுபது பேர், ஏழால் பெருக்கினால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. பிள்ளைகள் நூற்று நாற்பது, இரண்டால் பெருக்கினால் இருநூற்று எண்பது. கூட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஊரையே எடைமேடைக்கு வரச் சொன்னாள். சண்டை போடுவாள் என்று நினைத்து எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தோம். இருபது பேரை மேடையில் ஏற்றினாள், எண் ஓடி நின்றது, எல்லாருக்கும் காட்டினாள். ஏழு பத்துக்கு வடக்கே இரைச்சல் கேட்டது, விமானம் எழும்பியது, எங்கள் முழங்கால் மடங்கியது, மேடை எண் நூற்று நாற்பது கூடியது. கைப்பிடி அரிசிகூட யாரும் மேலே போடவில்லை.

"ஆத்தா கனக்குலீங்க. ஆத்தா என்னைக்குமே கனக்குல," என்றாள் பரிமளா. "அந்தாளு பறக்கறதுக்கு நாம செமக்கறோம்."

 நாங்கள் எல்லாரும் நம்பினோம், அதுதான் கேவலம். பிறகு நடேசன் தொண்டையைச் செருமினார். "சரி, இருக்கட்டும். பெரிய மனுசன், தொழில் விசயமாப் போறாரு. நம்மூருக்கு ரோடு போட்டுக் குடுத்தாரு. ஊட்டுக்கொரு பையன் அவரு வண்டியில இருக்கறான். ஏழு கிலோவுக்குப் போயி மூஞ்சிய முறிச்சுக்கறதா?" பூசாரி சொன்னார்: "விமானமா இருந்தாலும் கனக்க வெக்கறது ஆத்தாதானே? கனத்தது உன் வாசல்லதானே அம்மிணி?" தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றது. ஒரு பெண்பிள்ளை மேல் போட்ட பழியை எடுத்து ஒரு முதலாளி மேல் வைப்பதற்கு அந்தக் கூட்டத்தில் ஒரு கைகூட நீளவில்லை. என் மகன் தினேசு ராய்ச்சூரில் அவர் வண்டியில் இருந்தான். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

விசயம் அர்த்தனாரி காதுக்குப் போய் அவரே வந்தார். கோயில் முன்னால் நாற்காலி போட்டோம். சிரித்த முகம், ஒரு குற்றமும் சொல்ல முடியாத மரியாதை.

"ஏழு கிலோன்னு சொன்னாங்க. ஏழு கிலோ ஒரு கனமுங்களா? நானெல்லாம் எளந்தாரியில ரெண்டாளு கனத்துப் பைப்பத் தூக்கித் தோள்ல வெச்சு நடந்தவன். ஊருக்காகத்தானுங்க நானும் ஓடறேன். நான் அங்க போயி நின்னாத்தான் வண்டி ஓடும், வண்டி ஓடுனாத்தான் உங்க பசங்களுக்குச் சோறு." அப்புறம் முட்டி வலிக்கு இலவச முகாம் போடுவதாகச் சொன்னார். அம்மனுக்குச் சப்பரத்தில் ரப்பர் மெத்தை வைத்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

பரிமளா கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டாள். "உங்க கனத்த நீங்களே செமந்தா என்னுங்க ஆகும்?"

"எண்ணெய் அதிகம் புடிக்குமம்மா," என்றார் அவர், நியாயமாகப் பதில் சொல்கிறவர் மாதிரி.

ஆடி ஒன்றாம் தேதி வந்தது, அன்றைக்குப் புதன்கிழமை. ஏழு பத்துக்கு அர்த்தனாரி ராய்ச்சூருக்கு மேலே போனார். பத்து மணிக்குப் பரிமளா வீட்டைப் பூட்டினாள், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்தாள், ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். "நான் கெளம்பறனுங்க. என் ஏழு கிலோ உங்க தலை மேலதான் விழுவும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, தீர்ப்புப் போட்டவங்களக் கேளுங்க." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, சாபம் விடவில்லை, மண் வாரித் தூற்றவில்லை.

கோகிலா கையிலிருந்த துழாவுகட்டையைக் கீழே போட்டாள். "அவ ஏழு கிலோவ நானெதுக்குச் செமக்கோணும்? எம்புள்ள ரெண்டு கிலோவத்தான் எதுக்குச் செமக்கோணும்?" என்று சொல்லிக்கொண்டே பால்வாடிக்கு ஓடி, தராசில் நின்றிருந்த பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பரிமளா பின்னால் நடந்தாள். அவள் பின்னால் களத்துப் பெண்கள் முப்பது பேரும் நடந்தார்கள். நாற்பது பேர் போனதும் மிச்சம் இருந்தவர்களுக்கு அரைக்கிலோ கூடியது, நூறு பேர் போனதும் ஒன்றரைக் கிலோ கூடியது, கூடக்கூட ஆட்கள் கிளம்பினார்கள், கிளம்பக்கிளம்ப இன்னும் கூடியது. கோபத்தில் கிளம்பியவர்கள் முதலில் போனார்கள், கனம் தாங்காமல் கிளம்பியவர்கள் அடுத்துப் போனார்கள், எல்லாரும் போகிறார்களே என்று கிளம்பியவர்கள் கடைசியில் போனார்கள், சமையலைப் பாதியில் விட்டு, முகத்தில் சோப்போடு, கட்டிலோடு கிழவர்களைத் தூக்கிக்கொண்டு. எல்லைக்கல்லைத் தாண்டித் தாண்டி ஊர் முழுக்க ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்றது.

ஐம்பது பேர் மிஞ்சினோம், ஆளுக்கு எண்பத்து நாலு கிலோ. பூசாரி ராக்கியப்பன் அம்மனிடம் உத்தரவு வாங்கிவிட்டதாகச் சொல்லித் தவழ்ந்துகொண்டே போனார். நடேசன் சொல்லாமலே போனார். நான் போகவில்லை. இது வேலைநிறுத்தம் மாதிரி, யார் யார் போனார்கள் என்று அர்த்தனாரிக்குத் தெரிந்துவிடும், தினேசை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார் என்று வீட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேர் ஆனோம். ஐந்து பேர் ஆனோம். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்து, கல்லை நோக்கி உருள ஆரம்பித்தேன். கல்லுக்குப் பத்தடி இருக்கையில் எனக்கு முன்னால் போன கடைசி ஆளும் தாண்டிவிட்டான்.

நாலாயிரத்து இருநூறு கிலோ என் ஒருத்தன் மேல் வந்து இறங்கியது. எலும்பு ஒடியவில்லை, அது ஒடிக்கிற கனமில்லை, அசையவிடாத கனம். மல்லாந்து கிடந்தேன். விரல் மடங்கவில்லை. ரோட்டின் அந்தப்பக்கம் எழுநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாராவது உள்ளே காலை வைத்தால் அதில் பங்கு அவருக்கும் வரும், அது எல்லாருக்கும் தெரியும். மச்சான் முறைக்காரர்கள் நின்றார்கள், சப்பரத்தில் என்னோடு தோள் கொடுத்தவர்கள் நின்றார்கள். நகரவில்லை.

பரிமளா டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

பாதிக் கனம் என்னை விட்டு அவள் மேல் போனதை என் மார்பில் உணர்ந்தேன். அவள் அப்படியே மடங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது, நெற்றி நரம்பு புடைத்தது. 

"அண்ணா," என்றாள். "பங்குனியில கத்துனீங்களே, இப்பச் சொல்லுங்க. ஆரு ஊட்டுக் குத்தம்?"

"எம் மவன் அங்க இருக்கறானம்மிணி."

"தெரியும். எம் புருசனும் அங்கதான் இருக்கறான். ஆரு ஊட்டுக் குத்தம்?"

"வுட்டுரு அம்மிணி. நீ போ. நான் கெடக்கறேன்."

"நீங்க சொல்லாம நானும் நகர மாட்டனுங்க. ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம். ஒண்ணரைக்கு அவரு எறங்கிச் சோறு திங்கப் போவாரு, நாமளும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போவோம். நாளான்னைக்கு மறுபடியும் செமப்போம்."

அவள் உதட்டில் ரத்தம் துளிர்த்திருந்தது. அவளுக்கு இங்கே வந்து கிடக்க வேண்டிய அவசியம் என்ன? அவளை வாசலில் நிறுத்தி வைத்து மானத்தை வாங்கியவன் நான். வெட்கம் தாங்காமல்தான் எனக்கு வாய் திறந்தது, தைரியத்தால் இல்லை.

"அர்த்தனாரி ஊட்டுக் குத்தம்!"

"கேக்குல."

"அர்த்தனாரி ஊட்டுக் குத்தம்! உன் ஊட்டுல ஒரு குத்தமும் இல்ல, நான் கத்துனது பொய்யி!" என்று கத்தினேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டது. கேட்டதும் கோகிலா பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள், களத்துப் பெண்கள் வந்தார்கள், என் கூட்டாளிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள், நூறு பேர் நூற்றைம்பது பேர் உள்ளே வந்து ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள, கனம் பிரிந்து பிரிந்து என் கை அசைந்தது, கால் அசைந்தது. என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பரிமளா ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னாள். ஒரே எட்டில் அத்தனை பேரும் கல்லைத் தாண்டினோம்.

ஊரில் ஆளே இல்லை. மணி பன்னிரண்டரை. ராய்ச்சூரிலிருந்து ரசத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த விமானம், வழியில் எங்கோ, பாதி டாங்க் எண்ணெயோடு, முதன்முறையாகத் தன் எடையைத் தானே சுமந்தது.

அது ஒரு சோளக்காட்டில் இறங்கியது, உயிருக்கு ஒன்றுமில்லை, அர்த்தனாரி தன் ரிக்கு லாரி ஒன்றிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார், தினேசை வேலையை விட்டும் நிறுத்தினார். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், ஐயோ, அவருக்கு அடி ஏதும் படவில்லையே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பரிமளா எப்படி இருக்கிறாள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.